தமிழ்நாடு சட்ட மேலவை: உறுப்பினர் தேர்வு முறையும் விவாதங்களும்

தமிழ்நாடு சட்ட மேலவை என்பது 1937 முதல் 1986 வரை சென்னை மாகாணத்திலும், பின்னர் தமிழ்நாட்டிலும் செயல்பட்ட சட்டமன்றத்தின் இரண்டாவது அவை ஆகும். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவை சட்டப் பேரவை. மேலவை உறுப்பினர்களோ ஐந்து வெவ்வேறு வழிகளில் தெரிவு செய்யப்பட்டனர். 1986 நவம்பர் 1 முதல் மேலவை ஒழிக்கப்பட்டது. அதை மீண்டும் கொண்டுவர 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டும் மேலவை இன்றுவரை அமையவில்லை.

தமிழ்நாட்டில் இதுவரை நடந்த விவாதம் பெரும்பாலும் "மேலவை வேண்டுமா, வேண்டாமா" என்பதாகவே இருந்துள்ளது. அதன் உறுப்பினர்களை யார், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி அதிகம் பேசப்படவில்லை. ஆனால் ஒரு மேலவை பயனுள்ளதா, வீண் செலவா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் தேர்வு முறைதான். இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பெயர்க் குழப்பம்

வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 1937க்கு முன்பும் "சென்னை சட்ட சபை" என்று ஓர் அவை இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கும் பிற்கால மேலவைக்கும் ஒரே பெயர்தான். ஆனால் அது மேலவை அன்று. அப்போது மாகாணத்தில் இருந்ததே அந்த ஓர் அவைதான். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடந்தபோது, தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அ. சுப்பராயலு ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரானது இந்த அவையின் வழியாகவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்ததும் இதே அவையில்தான்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், அசாம் ஆகிய ஆறு மாகாணங்களுக்கு இரண்டு அவைகளை வழங்கியது. அதன்படி 1937இல் சென்னையில் 215 உறுப்பினர்களைக் கொண்ட பேரவையும், 54 முதல் 56 உறுப்பினர்களைக் கொண்ட மேலவையும் அமைந்தன. மேலவை என்று சரியாகச் சொல்லத்தக்கது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

அரசியலமைப்பு கூறும் ஐந்து வழிகள்

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, மாநில மேலவையின் அமைப்பைக் கூறுகிறது. மேலவை உறுப்பினர் எண்ணிக்கை பேரவை எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40க்குக் குறையவும் கூடாது. (தொடக்கத்தில் இந்த உச்ச வரம்பு நான்கில் ஒரு பங்காக இருந்தது. 1956இல் ஏழாம் திருத்தம் அதை மூன்றில் ஒரு பங்காக்கியது.) உறுப்பினராக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். மேலவை கலைக்கப்படுவதில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் 6 ஆண்டுப் பதவிக்காலம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர்.

உறுப்பினர்கள் வரும் ஐந்து வழிகள்:

1. மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சி, ஒன்றியம் போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர்.
2. பன்னிரண்டில் ஒரு பங்கினரை, பட்டம் பெற்று 3 ஆண்டுகளேனும் ஆன பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பர்.
3. பன்னிரண்டில் ஒரு பங்கினரை, இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் 3 ஆண்டுகளேனும் பணியாற்றிய ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பர்.
4. மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டப் பேரவை உறுப்பினர்கள், பேரவையில் இல்லாதவர்களிலிருந்து தேர்ந்தெடுப்பர்.
5. எஞ்சிய ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரை ஆளுநர் நியமிப்பார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

1952இல் சென்னை மேலவையில் 72 இடங்கள் இருந்தன. ஆந்திரம் பிரிந்தபின் எண்ணிக்கை குறைந்தது. பின்னர் 63 என நிலைபெற்று ஒழிக்கப்படும் வரை அப்படியே இருந்தது. அந்த 63 இடங்கள் பின்வருமாறு பிரிந்தன: உள்ளாட்சி 21, பேரவை 21, பட்டதாரிகள் 6, ஆசிரியர்கள் 6, நியமனம் 9. பேரவையில் இப்போதுள்ள 234 இடங்களுக்கு மேலவையில் அதிகபட்சம் 78 பேர் இருக்கலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே உள்ளாட்சி 26, பேரவை 26, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, நியமனம் 12 எனப் பிரித்தது.

ஒரு முக்கியமான செய்தி பலருக்குத் தெரியாது. இந்த ஐந்து வழிகளும் மாற்ற முடியாத கல்வெட்டு அல்ல. "நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே வேறு வகை செய்யும் வரை" இவை நடைமுறையில் இருக்கும் என்றுதான் 171(2) பிரிவு கூறுகிறது. அரசியலமைப்பை உருவாக்கியவர்கள் இந்த அமைப்பை ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதினர். ஆனால் அது முக்கால் நூற்றாண்டாக அப்படியே தொடர்கிறது.

வாக்குகள் எண்ணப்படும் முறை

தேர்ந்தெடுக்கப்படும் நான்கு வகையினரும் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தெரிவாகின்றனர். இது விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் ஒரு வகை. வாக்காளர் ஒரு பெயருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. தம் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண்களை இடுகிறார். வெற்றிக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒருவர் வாக்குப் பெற்றால், மிகுதி வாக்குகள் அந்த வாக்காளர்களின் அடுத்த விருப்பத்துக்குச் செல்கின்றன. யாரும் அந்த அளவை எட்டாவிட்டால், மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படுகின்றன.

வெற்றிக்கான அளவைக் கணக்கிடுவது எளிது. மொத்த வாக்குகளை, நிரப்ப வேண்டிய இடங்களுடன் ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்; வரும் ஈவைத் தாண்டினால் வெற்றி. மாநிலங்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு 6 இடங்கள் காலியாகும்போது 234ஐ 7ஆல் வகுத்தால் 33.43 வருகிறது. ஆகவே 34 சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவு இருந்தால் ஓர் இடம் உறுதி. 63 பேர் கொண்ட பழைய மேலவையில் பேரவை வழியாக ஒரு சுற்றில் 7 இடங்கள் நிரப்பப்பட வேண்டும் எனக் கொண்டால், 234ஐ 8ஆல் வகுக்க 29.25 வரும். எனவே 30 பேர் ஓர் உறுப்பினரை அனுப்ப முடியும்.

இந்த முறையில் சிறு கட்சிகளுக்கும் அவற்றின் வலிமைக்கேற்ற இடம் கிடைக்கிறது. ஆனால் வாக்காளர் தொகை மிகச் சிறியது என்பதால் வேறொரு சிக்கல் பிறக்கிறது. சில வாக்குகள் இடம் மாறினாலே முடிவு மாறிவிடும். எனவே விலை பேசும் ஆபத்து உண்டு. மாநிலங்களவைத் தேர்தலில் இதைத் தடுக்க 2003இல் வெளிப்படை வாக்கு கொண்டுவரப்பட்டது. உறுப்பினர் தம் வாக்குச் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை ஏற்றது. மாநில மேலவைகளில் மட்டும் இரகசிய வாக்கு தொடர்கிறது.

பேரவை வழி: நிழல் அவை என்ற குறை

பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மேலவை உறுப்பினர்கள், பேரவையில் உள்ள கட்சிகளின் அதே விகிதத்தில்தான் இருப்பார்கள். எனவே பேரவையைத் திருத்த வேண்டிய அவை, பேரவையின் நிழலாகிவிடுகிறது. தேர்தலில் தோற்றவர்களுக்கும், போட்டியிட வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கும் ஆறுதல் இடமாக மேலவை மாறுகிறது என்பது இதன்மீது சொல்லப்படும் முதன்மையான குற்றச்சாட்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1967 பொதுத் தேர்தலில் சி. என். அண்ணாதுரை தென் சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார்; சட்டப் பேரவை உறுப்பினராக இல்லை. அவர் முதலமைச்சரானபின் மேலவை உறுப்பினரானார். மு. கருணாநிதி 1984 முதல் 1986 வரை மேலவை உறுப்பினராக இருந்தார். பேரவையில் இடம் இல்லாத ஒரு மூத்த தலைவர் சட்டமன்றத்தில் பங்கேற்க மேலவை வழிவிட்டது.

நியமன வழி: 1952இன் பாடம்

ஆளுநர் நியமனம் என்பது, தேர்தல் களத்துக்கு வராத அறிஞர்களையும் கலைஞர்களையும் அவைக்குள் கொண்டுவரும் வழி. ஆனால் இந்த வழி அரசியலுக்குப் பயன்பட்ட முதல் எடுத்துக்காட்டே சென்னையில்தான் நிகழ்ந்தது.

1952 தேர்தலில் சென்னை மாநிலப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. எதிர்க்கட்சிகள் கூட்டணி அமைத்து ஆட்சியமைக்க உரிமை கோரின. தேர்தலில் போட்டியிடாத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். இந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் சென்றார். வழக்கு வெற்றி பெறவில்லை. சட்டப்படி நியமனம் நின்றாலும், மக்களிடம் வாக்குக் கேட்காத ஒருவர் ஆறில் ஒரு பங்கு நியமன இடங்களில் ஒன்றின் வழியாக ஆட்சித் தலைவராகலாமா என்ற கேள்வி நின்றுவிட்டது.

பொதுவாக ஆளுநர் அமைச்சரவையின் பரிந்துரைப்படியே நியமிக்கிறார். எனவே இந்த இடங்கள் நடைமுறையில் ஆளுங்கட்சிக்கே செல்கின்றன. ஆளுநரும் அமைச்சரவையும் வேறுபட்டால் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. மகாராட்டிரத்தில் 2020 நவம்பரில் அமைச்சரவை அனுப்பிய 12 பெயர்கள் மீது ஆளுநர் முடிவெடுக்கவே இல்லை. தெலங்கானாவில் 2023 செப்டம்பரில் ஆளுநர் தமிழிசை சௌந்தரராசன், அமைச்சரவை பரிந்துரைத்த இருவரை ஏற்க மறுத்தார். அவர்கள் அரசியல் சார்பு உடையவர்கள் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இந்த முடிவைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்துச் செய்தது.

பட்டதாரி, ஆசிரியர் வழி: அன்றைய நியாயமும் இன்றைய கேள்வியும்

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 18 பேர் மட்டுமே. அக்காலத்தில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனி இடம் ஒதுக்கியதற்கு ஒரு நியாயம் இருந்தது. படித்தவர்களின் கருத்து சட்டமியற்றலில் தவறாமல் ஒலிக்க வேண்டும் என்பதே அது. இன்று நிலை வேறு. 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80ஐத் தாண்டியது. 2021–22 உயர்கல்வி ஆய்வின்படி மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. படித்தவர்கள் இப்போது ஒரு சிறு கூட்டம் அல்லர். பேரவையிலும் பட்டதாரிகள் பலர் உள்ளனர்.

இந்த ஏற்பாட்டை ஓர் ஊரின் அளவில் பார்த்தால் அதன் முரண்கள் தெளிவாகும். திண்டிவனத்தில் உள்ள திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டதாரி வாக்காளராகலாம். அவரே மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தால் ஆசிரியர் தொகுதியிலும் வாக்களிக்கலாம். அவர் நகராட்சி உறுப்பினராகவும் இருந்தால் உள்ளாட்சித் தொகுதியிலும் வாக்குரிமை உண்டு. அதே ஊரில் நெல், மணிலா பயிரிடும் விவசாயிக்கும், மரக்காணத்தில் உப்பளத்தில் உழைக்கும் தொழிலாளிக்கும் மேலவைத் தேர்தலில் ஒரு வாக்குகூட இல்லை.

ஆசிரியர்களுக்குள்ளேயும் ஒரு கோடு கிழிக்கப்பட்டுள்ளது. இடைநிலைப் பள்ளிக்குக் கீழே உள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஆசிரியர் தொகுதியில் வாக்கு இல்லை. மயிலம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் அகரம் கற்றுக்கொடுப்பவர் வாக்காளர் அல்லர். அவரிடம் படித்துச் சென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்துபவர் வாக்காளர். தொடக்கக் கல்விதான் மாநிலத்தின் கல்விச் சிக்கல்களில் முதலானது என்ற நிலையில் இந்தப் பிரிவினைக்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

வேறொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பேரவைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் இதற்குப் பயன்படாது. பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தனியே விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. எனவே தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. பதிவு செய்ய ஆள் திரட்டும் சங்கத்துக்கோ கட்சிக்கோ வெற்றி எளிதாகிறது.

பட்டதாரித் தொகுதியில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. 1970இல் சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதியில் வென்ற எஸ். நாராயணசாமி பட்டதாரி அல்லர். அவருடைய தேர்வை எதிர்த்து ஜி. பன்னீர்செல்வம் வழக்குத் தொடுத்தார். பட்டதாரிகளின் பிரதிநிதி பட்டதாரியாகவே இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அரசியலமைப்பு வாக்காளருக்குத்தான் பட்டத்தைத் தகுதியாக்கியுள்ளது. வேட்பாளருக்கு அப்படி ஒரு தகுதியைக் கூறவில்லை. சொல்லாத தகுதியை நீதிமன்றம் சேர்க்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு மாணவர்களுக்கு ஓர் அடிப்படையை விளக்குகிறது. ஓர் அவையின் தன்மையைத் தீர்மானிப்பது, அதில் யார் நிற்கலாம் என்பதைவிட, அதற்கு யார் வாக்களிக்கிறார்கள் என்பதே. வேட்பாளர் தம்மைத் தேர்ந்தெடுத்தவருக்கே பதில் சொல்வார்.

உள்ளாட்சி வழி: வலுவானதும் பலவீனமானதும்

ஐந்து வழிகளில் மக்களுக்கு மிக அருகில் உள்ளது உள்ளாட்சி வழியே. குடிநீர், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றை நாள்தோறும் கையாளும் உறுப்பினர்கள் தங்கள் பிரதிநிதியை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினால், நிதிப் பகிர்வு, அதிகாரப் பகிர்வு போன்றவற்றில் ஊர்களின் குரல் நேரடியாக ஒலிக்கும். 1992இல் 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உறுதியான இடம் தந்தன. இதனால் இந்த வழியின் தகுதி மேலும் உயர்ந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு உள்ளாட்சியில் இடஒதுக்கீடு இருப்பதால், இந்த வாக்காளர் தொகையில் அவர்களும் கணிசமாக உள்ளனர். எந்தெந்த உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் வாக்களிக்கலாம் என்பதை 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நான்காம் அட்டவணை கூறுகிறது. அதை விரிவாக்குவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.

ஆனால் இந்த வழி ஒரே ஒரு தூணின் மேல் நிற்கிறது. உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் அண்மைக்கால அனுபவம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிப்பு காரணமாக விழுப்புரம் உட்பட 9 மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 28 மாவட்ட ஊராட்சி உறுப்பினர், 293 ஒன்றியக் குழு உறுப்பினர், 688 ஊராட்சித் தலைவர், 5,088 வார்டு உறுப்பினர் பதவிகள் இருந்தன. இந்தப் பதவிகள் ஐந்து ஆண்டுகள் காலியாக இருந்தன. திண்டிவனம் நகராட்சி போன்ற நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மேலவை இருந்திருந்தால், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளாட்சித் தொகுதிக்கு வாக்காளரே இருந்திருக்க மாட்டார். ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இது கற்பனை அன்று. மேலவை உள்ள மகாராட்டிரத்தில் உள்ளாட்சித் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால் மேலவையின் உள்ளாட்சி இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைக்கும் மாநில அரசு, அதன்மூலம் மேலவையின் மூன்றில் ஒரு பங்கையும் முடக்கிவிட முடியும்.

ஒழிப்பும் மீட்பு முயற்சிகளும்

1986 தொடக்கத்தில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. கைப்பற்றியது. சில மாதங்களில், ஆளுங்கட்சி முன்மொழிந்த திரைக்கலைஞர் ஒருவரின் தகுதி குறித்துச் சர்ச்சை எழுந்தது. கடன் தீர்க்க வகையற்றவராக அறிவிக்கப்பட்டவர் உறுப்பினராக முடியாது என்பது 191ஆம் பிரிவின் விதி. இதையடுத்து 1986 மே 14 அன்று எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான அரசு மேலவையை ஒழிக்கும் தீர்மானத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. நியமனச் சர்ச்சையைவிட, உள்ளாட்சி வழியாக மேலவையில் எதிர்க்கட்சி வலுப்பெறும் வாய்ப்பே உண்மைக் காரணம் என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், இரண்டு காரணங்களுமே உறுப்பினர் தேர்வு முறையைச் சார்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அப்போது மேலவைத் தலைவராக இருந்தவர் ம. பொ. சிவஞானம், மேலவையின் கடைசித் தலைவரும் அவரே.

169ஆம் பிரிவின்படி, மேலவையை அமைக்கவோ ஒழிக்கவோ பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பின் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் இயற்ற வேண்டும். 1989இல் தி.மு.க. அரசு மீட்புத் தீர்மானம் நிறைவேற்றியது, 1991இல் அ.தி.மு.க. அரசு அதைத் திரும்பப் பெற்றது. 1996இல் மீண்டும் தீர்மானம். 2001இல் மீண்டும் திரும்பப் பெறல். 2010 ஏப்ரலில் நிறைவேறிய தீர்மானத்தை ஏற்று, அவ்வாண்டு மே மாதம் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. தேர்தல் நடக்கும் முன் ஆட்சி மாறியது. 2011 சூனில் புதிய பேரவை எதிர்த் தீர்மானம் நிறைவேற்றியது. 2021 தேர்தல் அறிக்கையிலும் தி.மு.க. மீட்பு வாக்குறுதி அளித்தது. இத்தனை தீர்மானங்களிலும் உறுப்பினர் தேர்வு முறையை மாற்றும் பேச்சு முதன்மை பெறவில்லை.

தற்போது மேலவை உள்ள மாநிலங்கள் ஆறு: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா. ஆந்திரத்தில் 1985இல் ஒழிக்கப்பட்ட மேலவை 2007இல் திரும்பி வந்தது. 2020இல் மீண்டும் ஒழிப்புத் தீர்மானம் நிறைவேறி 2021இல் திரும்பப் பெறப்பட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

இலங்கையில் 1947 முதல் 1971 வரை 30 உறுப்பினர்களைக் கொண்ட செனட் சபை இருந்தது. 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது. 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். 1965இல் தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் செனட் வழியாகவே உள்ளூராட்சி அமைச்சரானார். ஆனால் உறுப்பினர்களில் பாதிப்பேர் கீழவையாலும் மீதிப்பேர் அரசாலும் தேர்ந்தெடுக்கப்பட்டதால், சிறுபான்மையினருக்கு உறுதியான பாதுகாப்பாக அச்சபையால் அமைய முடியவில்லை. 1971 அக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது.

அமெரிக்காவில் செனட் உறுப்பினர்களை முதலில் மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. இழுபறிகளும் ஊழல் புகார்களும் பெருகியதால், 1913இல் 17ஆம் திருத்தம் நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தது. ஆத்திரேலியாவின் செனட் நேரடித் தேர்தலில், ஒற்றை மாற்று வாக்கு முறையில் அமைகிறது. கீழவையில் இடம் பெற முடியாத சிறு கட்சிகள் அங்கே இடம் பெறுகின்றன. எனவே அது கீழவையின் நிழலாக இல்லை.

இந்தியாவின் ஏற்பாட்டுக்கு மிக நெருங்கியது அயர்லாந்தின் மேலவை. அதன் 60 இடங்களில் 11 நியமனம், 6 பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு உரியவை, 43 தொழில்வாரிக் குழுக்களுக்கு உரியவை. வேளாண்மை, தொழிலாளர், பண்பாடு எனக் குழுக்களின் பெயர்கள் நன்றாகவே உள்ளன. ஆனால் அந்த 43 பேருக்கு வாக்களிப்போர் விவசாயிகளோ தொழிலாளர்களோ அல்லர். உள்ளாட்சி உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுமே. எனவே கட்சிக்காரர்களே வெல்கின்றனர். 2013இல் மேலவையை ஒழிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் மறுத்துவிட்டனர். 2023இல், குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளுக்கு மட்டும் வாக்குரிமை தருவது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சீர்திருத்தக் கருத்துகள்

மேலவை இனி அமைந்தால் உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதில் பின்வரும் கருத்துகள் சிந்திக்கத்தக்கவை.

நேரடித் தேர்தல்: மக்கள் அனைவரும் விகிதாசார முறையில் வாக்களித்தால் தகுதி வேறுபாடு மறையும். ஆனால் அதன்பின் மேலவையும் மக்களின் தீர்ப்பைப் பெற்றதாகிவிடும். இப்போது மேலவை ஒரு சாதாரண மசோதாவை முதல் முறை 3 மாதமும் இரண்டாம் முறை 1 மாதமும், பண மசோதாவை 14 நாளும் மட்டுமே தாமதப்படுத்த முடியும். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இந்த அளவோடு நின்றுவிடுமா என்பது ஐயமே.

உள்ளாட்சிப் பங்கை உயர்த்துதல்: பேரவை வழியைக் குறைத்து, ஊராட்சி வார்டு உறுப்பினர் வரை வாக்குரிமையை விரிவாக்கலாம். வாக்காளர் தொகை பெருகினால் விலை பேசுவதும் கடினமாகும். இதற்கு முன்நிபந்தனை, உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்துவது.

தொழில்வாரி வாக்குரிமை: பட்டதாரி இடங்களை விவசாயிகள், நெசவாளர்கள், மீனவர்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கும் பகிரலாம், ஆசிரியர் தொகுதியைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் திறக்கலாம். அயர்லாந்தின் அனுபவம் காட்டுவதுபோல், அந்தத் தொழிலைச் செய்பவர்களே வாக்களித்தால்தான் இது பொருளுடையதாகும்.

நியமனத்துக்கு விதிமுறை: நியமன இடங்களுக்குத் தனித் தேர்வுக் குழுவும், முடிவெடுக்கக் கால வரம்பும் வகுக்கலாம். நியமன உறுப்பினர் அமைச்சராகக் கூடாது என்று விதித்தால் 1952இல் எழுந்த கேள்விக்கும் விடை கிடைக்கும்.

இவற்றில் தேர்வு முறை தொடர்பான மாற்றங்களை 171(2) பிரிவின் கீழ் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே செய்ய முடியும். மேலவை வேண்டும் என்போர், அதில் யாருக்கு வாக்குரிமை என்பதை முதலில் சொல்ல வேண்டியவர்களாகின்றனர். வேண்டாம் என்போரும், தாங்கள் எதிர்ப்பது இரண்டாவது அவையையா, இப்போதுள்ள தேர்வு முறையையா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். பழைய ஐந்து வழிகளோடு மேலவை திரும்பி வருமானால், 1986இல் அதை வீழ்த்திய குறைகளும் கூடவே திரும்பி வரும்.